திரும்பி வராத நோயாளிகள்

"புதன்கிழமைக் கூட்டத்துல பேச எனக்கு ஒண்ணுமில்லைங்க மேடம்" என்றார் டாக்டர் தெய்வசிகாமணி.

டாக்டர் ரெஜினா தலை நிமிர்ந்தார்.

"எல்லாரும் ஏதாச்சும் சொல்றாங்க. போன வாரம் அந்தச் சின்ன டாக்டர், குடல்வால் வீக்கத்தை வெறும் சூட்டுவலின்னு விட்டுட்டேன்னு சொன்னார். நல்ல மனசு. ஆனா நான் என்னத்தைச் சொல்ல? தப்புப் பண்ணாத ஆளை எழுப்பி நிக்க வெச்சா, பொய்யா சொல்லுவான்?"

மேற்கு மலைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. ரயில் பாதைக்கு இந்தப் புறம் ஒரு மருத்துவமனை, அந்தப் புறம் ஒரு மருத்துவமனை.

இந்தப் புறத்து மருத்துவமனையில் தெய்வசிகாமணிக்குக் கைராசிக்காரர் என்று பெயர். அவர் தொட்டுப் பார்த்தாலே பாதி நோய் போய்விடும் என்று ஊரில் சொல்வார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

ரெஜினா அவரைவிட வயதில் சிறியவர். பொது மருத்துவப் பிரிவுக்குத் தலைவராகப் புதிதாக வந்தவர். வந்ததும் ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார். புதன்கிழமை பகலில் டாக்டர்கள் எல்லாரும் ஓர் அறையில் உட்கார வேண்டும். எந்த நோயை எதுவென்று தவறாக நினைத்தோம் என்று அவரவரே சொல்ல வேண்டும். யாரும் யாரையும் திட்டக்கூடாது. டீயும் உளுந்து வடையும் உண்டு.

தெய்வசிகாமணி எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார். வடை மட்டும் சாப்பிட்டார்.

"தப்பே பண்ணலைன்னு எப்படிங்க சார் தெரியும்?" என்று கேட்டார் ரெஜினா.

"பண்ணியிருந்தா திரும்பி வருவாங்கல்ல? வந்து சண்டை பிடிப்பாங்கல்ல? இத்தனை வருஷத்துல ஒருத்தர் வந்து கேட்டதில்லை."

"வராதவங்க எல்லாம்?"

"சரியாயிட்டவங்க."



தெய்வசிகாமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கூட்டம் போட வேண்டியது அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியிலதாங்க. ஹபீபுல்லா இருக்காரே, அவர்கிட்டேருந்து எனக்கு எத்தனை பேர் வராங்க தெரியுமா? போன மாசம் ஒரு தோட்டக்காரர் வந்தார். விடாத காய்ச்சல். டைபாய்டுன்னு மருந்து கொடுத்திட்டே இருந்திருக்கார் அந்த மனுஷன். நான் வேட்டியைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தேன். இடுப்புல பூச்சி கடிச்ச தழும்பு, சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா. டைபாய்டும் இல்லை ஒண்ணும் இல்லை, உண்ணிக் காய்ச்சல். மருந்தை மாத்தினேன், மறுநாளே எழுந்து உக்காந்துட்டார். வேட்டியை இறக்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"யார்கிட்ட?"

"டாக்டர் ஹபீபுல்லாகிட்ட. தழும்பைப் பத்தி."

"நான் எதுக்குங்க சொல்லணும்? அவருக்குச் சங்கடமா இருக்காது?"

ரெஜினா ஜன்னல் பக்கம் திரும்பினார். தூரத்தில் ரயில் பாதை தெரிந்தது. கேட் மூடியிருந்தது.

"சார், நாளைக்குக் காலையில உங்க பேஷண்ட்டுகளை நான் பார்த்துக்கறேன்" என்றார். "நீங்க அந்தப் பக்கம் போய் ஒரு டோக்கன் வாங்கி உட்காருங்க."

"எங்கே? ஹபீபுல்லா ஆஸ்பத்திரியிலயா?"

"ஆமா."

"வேவு பார்க்கவா?"

"சும்மா உட்காருங்க."

"எனக்கு என்ன வியாதின்னு சொல்றது?"

"முதுகுவலின்னு சொல்லுங்க. நம்ம எல்லாருக்கும் இருக்கறதுதானே."

தெய்வசிகாமணி யோசித்தார். ஹபீபுல்லா எப்படித்தான் நோயாளிகளைக் கெடுக்கிறார் என்று நேரில் பார்க்கலாம். அது ஒன்றும் மோசமான யோசனையாகத் தெரியவில்லை.

"போயிட்டு வந்து உங்க கூட்டத்துல அதைப் பேசறேன்" என்றார்.

"பேசுங்க சார்" என்றார் ரெஜினா.

*

மறுநாள் காலை அவர் காரை எடுக்கவில்லை. வேட்டி கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கினார்.

"பேருங்க?" என்றாள் டோக்கன் கொடுக்கும் பெண்.

பெயரைப் பற்றி அவர் யோசித்து வைத்திருக்கவில்லை.

"தெய்வ… தேவராஜ்."

"வயசு?"

"நாப்பத்தஞ்சு."

அந்தப் பெண் ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு எழுதிக்கொண்டாள்.

கூடத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். மின்விசிறியில் ஒட்டடை இருந்தது. சந்தோஷமாகப் பார்த்து வைத்துக்கொண்டார். வரிசை நகரவில்லை. அதுவும் சந்தோஷமாக இருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நீங்க டாக்டரய்யாதானுங்களே?"

"இல்லீங்க."

"குரலும் அதேதானுங்க!"

அவள் எழுந்து நின்றுவிட்டாள். கூடம் முழுவதும் கேட்கும்படி சொன்னாள்.

"இங்க பாருங்க, நம்ம தெய்வசிகாமணி டாக்டரே இங்கதான் வந்து பாத்துக்கறாருங்க!"

கூடத்தில் ஒரு திருப்தியான முணுமுணுப்பு எழுந்தது. முன் வரிசைக்காரர் ஒருவர், தான் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்பதுபோல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

தெய்வசிகாமணி முகக்கவசத்தைக் கழற்றினார். இனி அதை மாட்டிப் பயனில்லை.

"என்னைத் தெரியுதுங்களா? ரங்கநாயகிங்க. மாவு மில்லு."

தெரிந்தது. போன வருடம் வந்தவள். எந்நேரமும் அசதி என்றாள். கரகரத்த குரலில் பேசிப் பேசி அழுதாள். அவர் மற்ற நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டு அவளிடம் வெகுநேரம் பேசினார். வீட்டுக் கவலைதான் அம்மா, மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார். அன்று மாலை வீட்டில் மனைவியிடம்கூட அதைப் பெருமையாகச் சொன்னார்.

"ஆளே மாறிட்டீங்களேம்மா!"

"ஆமாங்க. ரொம்ப நல்லாயிட்டனுங்க. மில்லுல மூட்டையே தூக்கறேன்."

"பார்த்தீங்களா? மனசு லேசானா உடம்பும் லேசாயிடும். அப்புறம் இங்கே எதுக்கு வந்தீங்க?"

"தைராய்டு மாத்திரை வாங்கத்தானுங்க."

"தைராய்டா?"

"இங்க ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. அது ரொம்பக் குறைஞ்சு போயிருக்குன்னாங்க. மாத்திரை ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே அசதி, வீக்கம் எல்லாம் போயிருச்சுங்க. குரலும் தெளிஞ்சுருச்சு."

அந்தக் கரகரத்த குரல் அவர் காதில் மறுபடி கேட்டது. அழுததால் வந்தது என்று அன்றைக்கு நினைத்திருந்தார்.

"ஏம்மா, எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ரங்கநாயகி பதறிப்போனாள்.

"அதெப்படிங்க சொல்றது? அத்தனை நேரம் உக்காந்து பேசினீங்க. எந்த டாக்டருங்க அப்படிப் பேசறாங்க? வந்து சொன்னா உங்க மனசு நோகுமில்லீங்க?"



முன் வரிசையில் காலை நீட்டியிருந்தவர் திரும்பினார். லாரி ஓட்டுநர் என்று சொல்லிக்கொண்டார்.

"எனக்கு விலாவுல சதைப் பிடிப்புன்னு தைலம் எழுதிக் கொடுத்தீங்க. மறுநாளே கொப்புளம் போட்டுருச்சு. அக்கிங்க."

"மறுநாளே வந்திருக்கலாமேப்பா!"

"வந்தனுங்க. யாரோ உங்களுக்குத் தட்டுல பழம் வெச்சுக் கொடுத்துட்டு இருந்தாங்க. நீங்க சிரிச்சுட்டே வாங்கினீங்க. நல்ல நேரத்துல போய் எதுக்குன்னு இந்தப் பக்கம் வந்துட்டன்."

தெய்வசிகாமணி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். வாசல் வெகுதூரத்தில் இருப்பதுபோல் இருந்தது. வழி முழுக்கத் தெரிந்த முகங்களாகவும் இருந்தன.

அப்போது இன்னொருவர் கையெடுத்துக் கும்பிட்டார். பல் மருத்துவர் அறைக்கு வெளியே இடது தாடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தேங்காய் வியாபாரி குழந்தைவேலு.

"உங்களுக்கு நான் என்ன பண்ணினேன்?" என்றார் டாக்டர்.

"நீங்க ஒண்ணும் பண்ணலீங்க. உங்ககிட்ட வந்தது கேஸ் தொந்தரவுக்கு. அது வேற. இது பல்லு."

தெய்வசிகாமணிக்கு உயிர் வந்தது. ஒருவராவது தன் கணக்கில் இல்லை. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்தப் பல்லு?"

"அதுதானுங்க தெரியலை. தாடை பூராவும் வலிக்குது."

"குளிர்ந்த தண்ணி பட்டா?"

"இல்லீங்க."

"கடிச்சா?"

"முறுக்கே கடிக்கறனுங்க."

"பின்னே எப்பத்தான் வலிக்குது?"

"தோப்பு மேட்டுல ஏறினா வலிக்கும். நின்னா போயிரும்."

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார்.

"நெஞ்செரியுதுன்னு வந்தீங்களே. அது எப்ப வரும்?"

"அதுவும் மேடு ஏறினாத்தானுங்க. சாப்பிட்ட உடனே நடக்காதீங்கன்னு நீங்க சொன்னீங்க. நான் நடக்கறதையே குறைச்சுட்டேன். அதுல பாதி சரியாயிருச்சு."

மேடு ஏறும்போதா என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. சாப்பிட்ட பிறகா என்று மட்டும்தான் கேட்டார்.

"இப்ப வலி இருக்கா?"

"இன்னைக்குக் காலையில இருந்து உக்காந்தாலும் வலிக்குதுங்க. அதான், புடுங்கிப் போட்டுரலாம்னு வந்தேன்."

மின்விசிறி நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் குழந்தைவேலுவின் நெற்றி வியர்த்திருந்தது. டாக்டர் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். கை சில்லென்று இருந்தது.

பல் அறையிலிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். குழந்தைவேலு எழப் போனார்.

"எந்திரிக்காதீங்க."

"என் டோக்கனுங்க. விட்டா போயிரும்."

"போகட்டும். இப்படியே சாய்ஞ்சு உக்காருங்க. ரங்கநாயகியம்மா, இவரை எழ விடாதீங்க."

ரங்கநாயகி வந்து குழந்தைவேலுவின் தோளில் கை வைத்தாள். மூட்டை தூக்கும் கை. அவர் அசையவில்லை.

*

ஹபீபுல்லாவின் அறை வாசலில் நர்ஸ் தடுத்தாள். "டோக்கன்படி வாங்க பெரியவரே."

அவர் உள்ளே போய்விட்டார்.

ஹபீபுல்லா நிமிர்ந்தார். வேட்டியையும் கையிலிருந்த துண்டையும் பார்த்தார்.

"தெய்வசிகாமணி சார்? உடம்புக்கு என்ன?"

உங்கள் கூடத்தில் ஓர் இதய நோயாளி இருக்கிறார் என்றால் போதும். வாயில் அதுதான் வந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

"வெளியில என் பேஷண்ட் ஒருத்தர் இருக்கார். கேஸ்னு சொல்லி அனுப்பிட்டேன். கேஸ் இல்லை, ஹார்ட். நான் விட்டுட்டேன் ஹபீபுல்லா. வாங்க."

ஹபீபுல்லா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தார்.

இசிஜி எடுத்தார்கள். காகிதம் வெளியே வர வர இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். மாரடைப்புதான். ஒருவர் மாத்திரையை மென்று விழுங்கக் கொடுத்தார், இன்னொருவர் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தது.

ஸ்ட்ரெச்சரில் போகும்போது குழந்தைவேலு கேட்டார்:

"அப்ப என் பல்லு?"

"பல்லு நல்லாயிருக்குங்க" என்றார் ஹபீபுல்லா. "ஒண்ணைக்கூட யாரும் தொட மாட்டாங்க."

ஆம்புலன்ஸ் போன பிறகு தெய்வசிகாமணி வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஹபீபுல்லா டீ வாங்கி வரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

டீ வந்தது.

"உங்க பேஷண்ட்டுங்க அப்பப்ப எங்கிட்ட வராங்க சார்" என்று ஆரம்பித்தார் ஹபீபுல்லா. "சொல்லலாம்னு நினைப்பேன். உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு…"

"உங்க பேஷண்ட்டுங்களும் எங்கிட்ட வராங்க."

"என்னோடவங்களா?" ஹபீபுல்லா டம்ளரைக் கீழே வைத்தார். "என்னோடவங்க யாரும் திரும்பி வந்து ஒண்ணும் சொன்னதில்லையே சார்?"

தெய்வசிகாமணி அவரைப் பார்த்தார். அந்த முகத்தை எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்திருந்தார்.

"ஒரு தோட்டக்காரர். விடாத காய்ச்சல். டைபாய்டுன்னு மருந்து கொடுத்தீங்க."

"ஆமா. சரியாயிட்டார். அப்புறம் வரலை."

"இடுப்பைப் பார்த்தீங்களா?"

ஹபீபுல்லா கண்ணை மூடினார்.

"தழும்பா?"

"தழும்புதான்."

"கருப்பா?"

"கருப்பா."

"அட ஆண்டவனே" என்றார் ஹபீபுல்லா. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மெதுவாக. பிறகு தோள் குலுங்க. தெய்வசிகாமணிக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எதற்காகத் துடைத்தார்கள் என்று அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை.

"அந்த மாவு மில்லு அம்மாவுக்கு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார் தெய்வசிகாமணி.

"புருவ ஓரத்துல முடி கொட்டியிருந்தது சார்."

"நான் பார்க்கலையே."

"நீங்க அவங்க அழுததைப் பார்த்திருப்பீங்க. எங்கிட்ட வரும்போது அவங்க அழறதையே விட்டுட்டாங்க."

இன்னொரு டீ வந்தது. இன்னொரு நோயாளியைப் பற்றிப் பேசினார்கள். பிறகு இன்னொருவர். டோக்கன் கொடுக்கும் பெண் வந்து நின்றது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"தேவராஜ், வயசு நாப்பத்தஞ்சு" என்றாள் அவள். "எத்தனை தடவை கூப்பிட்டாச்சு! உங்களுக்குப் பார்க்கணுமா, வேண்டாமா?"

*

"யார் யார் அங்கே இருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெய்வசிகாமணி ரெஜினாவின் அறையில் நின்றுகொண்டிருந்தார். வேட்டியைக்கூட மாற்றவில்லை.

"தெரியாதுங்க சார்."

"பின்னே எதை வெச்சு அனுப்பினீங்க?"

ரெஜினா நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"என்னோடவங்க யாராச்சும் இருந்தாங்களா சார்?"

"நான் கேக்கலையே மேடம்."

"பரவாயில்லை." அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு முகக்கவசத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு என் பேஷண்ட்டுகளை நீங்க பார்த்துக்குங்க."

அந்தப் புதன்கிழமைக் கூட்டத்தில் தெய்வசிகாமணி பேசினார். ரங்கநாயகியைப் பற்றிச் சொன்னார், லாரி ஓட்டுநரைப் பற்றிச் சொன்னார், மேடு ஏறும்போதா என்று கேட்காமல் விட்டதைப் பற்றிச் சொன்னார். அவர் முடிக்கும்வரை யாரும் வடையைத் தொடவில்லை.

*

கோயம்புத்தூரில் குழந்தைவேலுவின் இதய ரத்தக்குழாய் அடைப்பை எடுத்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பி, மேடு ஏறத் தொடங்கி, தாடை வலிக்கவில்லை என்று உறுதியான பிறகு ஒருநாள் காலையில் ரயில் பாதைக்கு இந்தப் புறம் வந்தார்.

அவராக வரவில்லை. அவர் மனைவி தெய்வானை இழுத்துக்கொண்டு வந்தாள்.

கூடம் நிறைய ஆட்கள். டாக்டரின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

"கேஸ்னு சொன்னது நீங்கதானுங்களா?"

"விடு தெய்வானை" என்று பின்னாலிருந்து கெஞ்சினார் குழந்தைவேலு. "அவரேதான் கண்டும் பிடிச்சாரு. பாவம், மனசு நோகும்."

"யாரு மனசு? வீட்டுல நான் நடக்கச் சொன்னா, டாக்டரு நடக்க வேண்டாம்னுட்டாருன்னு படுத்துக்கிட்டீங்க. படுத்தவரு அப்படியே போயிருந்தா? அவரு மனசு நோகாம இருந்திருக்கும். நான் என்ன பண்ணியிருப்பேன்?"

நர்ஸ் ஓடிவந்தாள். தெய்வானையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போகப் பார்த்தாள்.

தெய்வசிகாமணி எழுந்து நின்றார். தன் நாற்காலியை மேஜையைச் சுற்றி இழுத்து வந்து அவள் முன்னால் போட்டார்.

"கையை விடுங்க சிஸ்டர். உக்காருங்கம்மா. ஆமாங்க, கேஸ்னு சொன்னது நான்தான். தப்பு என்னுதுதான்."

தெய்வானை சண்டைக்கு வந்தவள். அந்தப் பதிலுக்குத் தயாராக வரவில்லை. நாற்காலியைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

குழந்தைவேலு அவள் தோளைத் தொட்டார். "போலாம் கண்ணு. சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சில்ல?"

"நீங்க சும்மா இருங்க குழந்தைவேலு" என்றார் டாக்டர். "அவங்க இன்னும் முடிக்கலை. அம்மா, முதல்லேருந்து சொல்லுங்க. எப்ப முதல்ல நெஞ்சைப் பிடிச்சாரு? நீங்க என்ன பார்த்தீங்க?"

தெய்வானை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். குரல் பழையபடி ஏறியது.

நர்ஸ் கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதீங்க சிஸ்டர். திறந்தே இருக்கட்டும்."

"வெளியில எல்லாருக்கும் கேக்குதுங்க டாக்டர்!"

"கேக்கட்டும்."

கூடத்தில் பேச்சு அடங்கியது. தெய்வானை ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் நின்றபடியே தலையாட்டிக் கேட்டார். நடுவில் சிலதை மறுபடி சொல்லச் சொன்னார்.

கடைசி வரிசையில் ஒருவர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏனுங்க டாக்டரய்யா… அப்படீன்னா நானும் ஒண்ணு சொல்லணுமுங்க."